தேதி முடிந்த பம்ப்

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பனியன் கம்பெனியில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் இரைப்பு.

பையிலிருந்த நீல ஆஸ்துமா பம்ப்பை எடுத்து இரண்டு தடவை இழுத்தேன். பக்கத்து டேபிள் சரசக்கா வாங்கிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, தேதி முடிஞ்சு அஞ்சு மாசமாச்சே. இதைப் போயி இழுத்துட்டிருக்கறயே."

ஜூன் என்று போட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். லேபிளில் எழுத்து கோணல் என்று இன்றைக்கு மட்டும் நாற்பது பீஸ் திருப்பி அனுப்பினேன். அப்படிச் செக்கிங் பார்க்கிறவள் பையில் இப்படி ஒரு சரக்கு. அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்புதான், இருமல் விடவில்லை.

அக்காவிடம் சொல்லாதது: அது வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. கட்டிங் மாஸ்டர் வேலைக்கு எத்தியோப்பியா கிளம்பும்போது மூன்று வாங்கி வைத்துவிட்டுப் போனார். பையில் ஒன்று, அடுப்பு மேடையில் ஒன்று, தலையணைப் பக்கம் ஒன்று. பதினாறு வருஷத்தில் கல்யாண நாளை நினைவு வைத்ததில்லை மனுஷன். பம்ப்பை மறந்ததில்லை. இரண்டு காலி. இது கடைசி.

நவ. 12, புதன்
வாங்க: து.பருப்பு, சோப், கொசுவலை (வத்தி வேண்டாம், புகை ஆகாது), பம்ப்.

பம்ப் வாங்கவில்லை. மருந்துக்கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. தெரியும். நானே ஒன்று வாங்கிவிட்டால், இவர் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று ஆகிவிடும். கிறுக்குதான்.

ராத்திரி எட்டு மணிக்கு இவர் போன். ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். நீ என்ன பிள்ள சொல்லுத என்றார். பருப்பு விலை ஏறியதைச் சொன்னேன். பம்ப் இருக்கா என்றார். இருக்கு என்றேன். பொய்யில்லை.

முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பிளைட்டில் வந்துவிடுவார். நாக்கு நுனிவரை வந்தது.

நவ. 14, வெள்ளி
நேற்று எழுத முடியவில்லை.

ஷிப்மென்ட் அவசரம், ஒன்றரை ஷிப்ட். சாயங்கால டீக்கு முன்னால், பஞ்சு பறக்கிற மூலையில் பீஸ் எடுக்கப் போனேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது. நான்கு தடவை இழுத்தேன். புஸ்ஸென்று வந்தது, மூச்சு வரவில்லை. ஐந்து, ஆறு. கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. சரசக்காதான் கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு போனார். வேனில் நினைத்தது ஒன்றுதான்: இவர் முகத்தைப் பார்க்காமலே போகப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். டாக்டரம்மா என் பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி முடிந்ததால் விஷமாகிவிடாது, ஆனால் வீரியம் குறைந்திருக்கும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கையில் வேறு எதுவுமே இல்லாத ஆபத்துக்கு இதையும் இழுக்கலாம், இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இதை நம்பி இருக்கக் கூடாது. தலையாட்டினேன்.

"நல்லா நாலு வைங்க மேடம். சொன்னாக் கேக்கறதில்லீங்க," என்றார் சரசக்கா.

புதுப் பம்ப்பையும் அக்காவே வாங்கி வந்துவிட்டார். தினமும் இழுக்க இன்னொன்று, தனியாக. நல்ல வேளை. நானாயிருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

நவ. 15, சனி
லீவு. வெயில் எட்டிப் பார்த்தது. ரசம், அப்பளம். மூச்சு லேசு.

பழைய பம்ப்பைச் சரசக்கா மருந்துக்கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். போனதும் அழுதேன். ஒரு டப்பாவுக்கு எவளாவது அழுவாளா.

இவரிடம் ஆஸ்பத்திரி விஷயம் சொல்லவில்லை. சொன்னால் வருவார். பயந்துபோய் வருவார். நான் தேறியதும் திரும்பப் போய்விடுவார். அப்படி வருவது எனக்கு வேண்டாம்.

நவ. 16, ஞாயிறு
காலை பத்து மணிக்கே போன். நாளைக் காலையில் கையெழுத்துக் கேட்கிறார்களாம். பம்ப்பில் தேதி பார்த்தியா என்றார். புதுசை வீடியோ காலில் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். ரெண்டு வருசம் இருக்கே, இனிக் கவலையில்ல என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்ப கையெழுத்துப் போட்டுரட்டா என்றார்.

போடுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"போடாதீங்க. வந்துருங்க."

"ஏ பிள்ள, மூச்சு கீச்சு முடியலயா?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. சும்மா வாங்க."