பாதி மாத்திரை அப்பாவுக்கு

என் பிடிவாதக்கார அப்பா,

நீ தாத்தா ஆயிட்ட. பெண் குழந்தை. ஏழு மாசம்கூட நிறையறதுக்குள்ள அவசரப்பட்டு வந்துட்டா. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. எர்ணாகுளத்துல ஒரு ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கா. நான் வெளியே வராந்தாவுல உட்கார்ந்து இதை எழுதறேன். மடியில வெச்சு எழுதறதால எழுத்து கோணல்மாணலா இருந்தா திட்டாதே.

அவ இதயத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குழாய் மூடாம இருக்காம். வயித்துல இருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் அது திறந்திருக்குமாம், பிறந்ததும் தானா மூடிக்கணுமாம். இவளுக்கு மூடலை. நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாப் போய் மூச்சு வாங்குது. மருந்துல மூடப் பார்ப்போம், இல்லேன்னா ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த விலாவுல கத்தி வைக்க இடம் எங்கப்பா இருக்கு?

மூணு நாள், மூணு டோஸ். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம போடற மருந்து வகைதானாம். முதல் டோஸுக்கு முன்னாடி நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பாதி கொடுத்தாப் போதாதா டாக்டர்? சூடு தாங்குவாளா?" கேட்டப்புறம் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அது உன் பேச்சு.

கார்ப்பரேஷன் வேலையில மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் பெருக்கிட்டு வந்து, சாயாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, மாத்திரையை நகத்தால உடைப்பியே. "முழுசு சூடு, பாதி போதும்." பிரஷருக்கும் பாதி, நெஞ்சு வலிக்கும் பாதி. ஒரு நாளாவது நான் உன் கையைப் பிடிச்சுத் தடுத்தேனா? நீ போனப்புறம் உன் கார்ப்பரேஷன் பையில ஒரு பவுடர் டப்பா நிறைய மிச்சப் பாதிகள் இருந்துச்சு. அதை இன்னும் தூக்கிப் போடலை.

டாக்டர் கோபப்படலை. "எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கறோம். குறைச்சா குழாய் மூடாது, கூட்டினா கிட்னி தாங்காது"ன்னார். உனக்குச் சிரிப்பு வரும், ரெண்டாவது டோஸே முதல் டோஸுல பாதிதானாம்! ஆனா அது கணக்குப் போட்ட பாதி. உன் நகத்துப் பாதி இல்லை.

இன்னைக்கு மூணாவது டோஸ். காலையில நர்ஸ் லிஜி சேச்சி டயப்பரை எடை போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாங்க. மூத்திரம் குறைஞ்சு போச்சாம், மருந்தை நிறுத்தி வெச்சிருக்காங்களாம். உன் மருமகன் வல்லார்பாடத்துல வேலையில இருந்தபடியே "போனாளா? போனாளா?"ன்னு போன் மேல போன். பிள்ளை ஒண்ணுக்குப் போக எந்தச் சாமிகிட்டப்பா வேண்டறது? தெரிஞ்ச எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். உன்னையும்தான் கூப்பிட்டேன்.

மத்தியானம் சேச்சி கதவைத் திறந்து, "மோளே, நல்லோணம் போயி!"ன்னு நனைஞ்சு கனத்த டயப்பரைத் தூக்கிக் காட்டினாங்க. ஓன்னு அழுதுட்டேன். டாக்டர் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துட்டு, "கொடுத்துடலாம், பயமா இருக்கா?"ன்னு கேட்டார்.

"இருக்கு. முழுசா கொடுங்க"ன்னேன்.

நாளைக்குக் காலையில ஸ்கேன். மூடியிருக்குமா? மூடலேன்னா?

என்ன ஆனாலும் சரி, அவளுக்குச் சொன்ன மருந்தைச் சொன்ன அளவுல கொடுப்பேன், கடைசிச் சொட்டு வரைக்கும். அவ வீட்டுக்கு வர்ற அன்னைக்கு உன் டப்பாவையும் கொண்டுபோய்ப் போட்டுடுவேன். இது சத்தியம்.

நீ உடைச்சப்போ பார்த்துக்கிட்டே நின்ன
உன் மகள்,
செல்வி