பதினேழாம் எண் டோக்கன்

உன் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்ததும் இறால் வாடை வந்தது. மூன்று முறை துவைத்தாயிற்று. திருவொற்றியூர் மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் காயப்போட்டும் ஆயிற்று. அங்கே இருந்தவரை எந்த வாடையும் தெரியவில்லை. இந்தக் குளிருக்கு வந்த பிறகு அது மறுபடி எழுந்திருக்கிறது.

நீ இறால் பெட்டியின் அட்டை மூடியில் வரைந்து வைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் புல்சரிவு, அதற்கு மேல் எதுவும் தெரியாத வெள்ளை. காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நாளைக் காலை ஏற வேண்டும். வழிகாட்டி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், "எத்தன பேரு மேடம்?"

"ரெண்டு" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. அவர் பெயர்களைக் கேட்டார். என் பெயரைச் சொல்லி, உன் பெயரையும் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவங்க எங்க?"

"பின்னாடி வர்றாங்க."

"வந்து அவங்க கையாலயே கையெழுத்துப் போடணும். ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணு. ஒருத்தர் கொறஞ்சாலும் நான் இங்கயிருந்து நகர முடியாது."

ஏன் இரண்டு என்றேன் என்று உனக்குத் தெரியும். நம் இறால் கம்பெனியின் குளிர் அறைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது. போகிறவர் தன் பித்தளை டோக்கனைக் கதவருகே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். அடுத்தவர் டோக்கனை யாரும் தொடுவதில்லை. ஆணிகள் காலியானால்தான் வாட்ச்மேன் அண்ணன் கதவைப் பூட்டுவார்.

உள்ளே பெட்டிகளை எண்ணுவது உன் வேலை. மாடியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தட்டுவது என் வேலை. நாம் இருவரும் இந்த மலைக்குப் போவதென்று முடிவானதும், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் என்னை உள்ளே இழுத்துப் போவாய். குளிர் பழக வேண்டுமாம். குளிர்காற்று வீசும் விசிறிக்கு நேர் கீழே நிற்கவைப்பாய்.

"இன்னாடி, இதுக்கே பல்லு தந்தி அடிக்குது? அங்க காத்து ஆளையே தூக்கினு பூடும், தெரியுமா?"

"போதும், வெளியே போலாம்டீ."

"இரு. மூச்சு வுடு. எவ்ளோ பெர்சா பொக வருதுன்னு பாக்கலாம்."

வாயைக் குவித்து நீ ஊதுவாய், நானும் ஊதுவேன். இரண்டு புகை எழுந்து பெட்டிகளின் மேல் கலையும். உன்னுடையதுதான் எப்போதும் பெரியது.

அந்த வெள்ளிக்கிழமை நீ அரை நாள் லீவு போட்டாய். பாரிமுனையில் நமக்குக் குல்லாய் வாங்கப் போவதாகச் சொல்லி அவசரமாக ஸ்கூட்டரை எடுத்தாய். பதினேழாம் எண் ஆணியில் மாட்டிய உன் டோக்கனை எடுக்க மறந்துவிட்டாய்.

சாயங்காலம் அண்ணன் மாடி ஏறி வந்தார். "உன் தோஸ்து டோக்கன் மாட்டிகினே கீது பாப்பா. உள்ள தான் கீது போல. வந்து கொஞ்சம் கூப்புடு."

மதியமே போய்விட்டாள் என்றேன். "அப்பொ டோக்கன் ஏன் கீது?" என்றார். என் டோக்கனை மாட்டிவிட்டு உள்ளே போனேன், அண்ணன் கதவருகே நின்றார். விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு அமைதியாக அந்த அறையை நான் கண்டதில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் மூச்சு புகையாக எழுந்து கலைந்தது. அது முழுக்கக் கலைந்த பிறகு, கடைசி வரிசைக்கு அப்பால், பெட்டிகளின் மேல் இன்னொரு புகை எழுந்தது. பெரியது.

நான் கடைசி வரிசைவரை போகவில்லை. வெளியே ஓடி வந்து என் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டேன்.

மேனேஜர் கையில் போனோடு நின்றிருந்தார். தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரி என்றார். மதியம் இரண்டு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அதன் பிறகும் கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். "நான் தொட மாட்டேன் பாப்பா. அது கையால தான் எடுக்கணும்." சரக்கு இளகிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். உன் டோக்கனை நான் எடுத்தேன். கதவு மூடிய சத்தம் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

உன் உயிர் ரோட்டில்தான் போனது என்பது எனக்குத் தெரியும். சடங்குகள் எல்லாவற்றிலும் உடன் இருந்தேன், ராயபுரத்துக் கல்லறையில் மண்ணும் போட்டேன். ஆனாலும் இந்த இரண்டு வருடங்களாக, பஸ்ஸிலோ சமையலறையிலோ சும்மா நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி வருகிறது. உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனா?

வழிகாட்டி நாளைய திட்டத்தைச் சொன்னார். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், பத்துக்குள் முகடு, இரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் காற்று திரும்பும். உன் அட்டையிலும் அதே மணிக்கணக்குதான். யாரிடம் கேட்டு எழுதினாயோ.

வெளிச்சம் குறையத் தொடங்கியதும் அவரிடம் பத்து நிமிடம் கேட்டேன். பாதையில் ஏறி முதல் வளைவுவரை நடந்தேன். அங்கே திரும்பத் தோன்றியது. திரும்பாமல் அடுத்த வளைவுக்கும் போனேன், பனி மூட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்வரை. அங்கே நின்று உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. மூட வேண்டிய கதவும் அங்கே இல்லை.

இறங்கி வந்து, "ஒருத்தர்தான்" என்றேன். அவர் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்களே அடிச்சிடுங்க."

உன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். மெல்லிய கோடுதான். கீழே இருக்கும் பெயரை இன்னும் படிக்க முடியும்.

இப்போது கொட்டகை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறேன், டோக்கன் அதன் பையில் இருக்கிறது. நாளை அதுவும் என்னோடு மேலே வரும். எழுதுவதை நிறுத்தி நிறுத்தி, நீ சொன்னதுபோல வாயைக் குவித்து ஊதிப் பார்க்கிறேன். புகை வருகிறது. ஆனால் காற்று உடனே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, ஒன்றா இரண்டா என்று எண்ண விடாமல்.