பச்சியப்பன் வந்து சொன்ன ஏரிக்கரைச் சங்கதி

மாரண்டஹள்ளி,
12.6.2025

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடும் கன்றும் நல்லபடியாக இருக்கிறோம். உன் சுகத்தை வாரா வாரம் நீ போனில் சொல்கிறாய், ஆனால் நீ சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒருத்தர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் கட்டாகிவிடும், எனக்கும் அழுகை வந்துவிடும். பாலக்கோட்டு குரு சனிக்கிழமை ஹூஸ்டனுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் ராகி மாவும் பருப்புப் பொடியும் கொடுக்கிறேன், அதோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

இங்கே இரண்டு மழை நல்ல மழை. தோட்டத்தில் பீன்ஸ் கொடி ஏறிவிட்டது. கறுப்பு மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, அப்பா அதன் பக்கத்திலேயேதான் கிடக்கிறார். பால் சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்து ரிட்டையர் ஆன மனுஷனுக்கு இன்னும் அந்த வாசனை போகவில்லை. போர் மோட்டார் ஒரு வாரம் மக்கர் பண்ணியது, இப்போது சரியாகிவிட்டது. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அரூரிலிருந்து உன் செல்லி அத்தை வந்திருந்தாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாததா, உள்ளே நுழைந்து செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் உன் பேச்சை எடுத்துவிட்டாள். உன் போட்டோ அவள் போனுக்கும் போயிருக்கிறது, ஏரிக்கரையில் கூடாரத்துக்கு முன்னால் நீ உட்கார்ந்திருக்கிற போட்டோ. “ஏம்மா பானு, நல்லா படிச்ச புள்ள, வூடு வாசல் இருக்கையில காட்டுல போயி துணிக் கொட்டாயில படுக்குதே, கேக்கறதுக்கு ஆளு இல்லன்னுதான” என்றாள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அப்பா தலையைக் குனிந்தபடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். உனக்கு விவாகரத்து ஆனதிலிருந்து உன்னிடம் போனில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அக்காவிடம் மட்டும் என்ன பேசிவிடப்போகிறார் என்று நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேட்டி சட்டையில் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள், கையில் ஒரு தாம்பாளம், அதில் வாழைப்பழம், தேங்காய், ஒரு புடவை. நான் யாரோ வீடு தெரியாமல் பத்திரிகை வைக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். “எழிலரசி வூடு இதுதானுங்களா” என்று அவர் கேட்டார். பேர் பச்சியப்பனாம், காரிமங்கலத்துக்காரர், பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார், சம்சாரம் முனியம்மாள். மகன் சிவக்குமார் உன் ஊரில்தான் வேலையாம், அவன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “உங்க பொண்ணு இல்லன்னா அங்க இருந்த வரைக்கும் நான் வூட்டோட சிறைதாங்க, எம்புள்ள என்ன வெளியவே வுட்டிருக்க மாட்டான்” என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கப்புறம் அவர் சொன்னதைத்தான் அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் நீயே திருத்திக்கொள்.

மார்ச் மாதத்தில் ஆறு குடும்பத்தை நீ ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாயாம். இடம் பிடித்தது, கூடாரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது, யார் என்ன சமைப்பது என்று பிரித்துவிட்டது எல்லாம் நீதானாம். விடிகிற நேரத்தில் பச்சியப்பன் எழுந்திருக்கிறார், எல்லோரும் தூக்கம். முந்தின நாள் சேற்றில் நடந்த செருப்பை ஏரித் தண்ணீரில் கழுவிக் கல்மேல் காயவைத்துவிட்டு, மகனுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். போனையும் எடுக்கவில்லை. சிவக்குமார் எழுந்து பார்த்தால் அப்பா இல்லை, தண்ணீர் ஓரத்தில் செருப்பு மட்டும் இருக்கிறது, பக்கத்தில் முதலை படம் போட்ட போர்டு. “எம்புள்ள அந்த எடத்துலயே சேத்துல உக்காந்துட்டானுங்க” என்றார் பெரியவர். மீதியை முனியம்மாள்தான் சொன்னாள், ஏனென்றால் அவள்தான் அங்கே இருந்தவள். பூங்காக் காவலர்கள் வந்து படகை இறக்கிவிட்டார்களாம். இவள் கரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அப்போது நீ அந்தச் செருப்பைத் தொட்டுப் பார்த்தாயாம், பிறகு இவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாயாம். “செருப்பக் கழுவி, தண்ணி வடியட்டும்னு சாச்சு வெச்சிருக்காரும்மா. திரும்பி வந்து போட்டுக்கத்தான் வெச்சிருக்காரு. ஊர்ல காலைல எழுந்ததும் மொதல்ல எங்க போவாரு” என்று கேட்டாயாம். மண்டிக்கு என்றிருக்கிறாள். “மண்டிக்கு முன்னாடி?” என்று கேட்டாயாம். இவள் அழுகைக்கு நடுவில் யோசித்து, டீக்கடைக்கு என்றிருக்கிறாள்.

அந்தக் காட்டில் டீக்கடைக்கு எங்கே போவது என்று சிவக்குமார் உன்மேல் சத்தம் போட்டானாம், இந்த நேரத்தில் டீயைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று. நீ பதிலுக்குக் கோபப்படவில்லையாம். தண்ணீரில் தேடுகிறவர்கள் தேடட்டும், யாரும் நிறுத்த வேண்டாம், நான் ரோட்டில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்துவிட்டாயாம். இதைக் கேட்டபோது, எழில், எனக்குப் பயமும் வந்தது, அப்படியே ஒரு பெருமையும் வந்தது. நானாக இருந்திருந்தால் முனியம்மாளோடு சேர்ந்து அழுதிருப்பேன்.

பூங்கா கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தூண்டிலும் மீனுக்குப் போடுகிற இரையும் விற்கிற ஒரு கடையாமே, அதன் வாசல் பெஞ்சில் பச்சியப்பன் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரோடு உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கடையில் விற்கிற தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்து, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாராம், அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாராம். டீ என்று கேட்டதற்கு ஒரு பெரிய டம்ளர் நிறைய ஐஸைப் போட்டு, எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். “சில்லுனு இருந்துச்சுங்க, மனுசன் குடிப்பானா அத. காசு குடுக்காம எழுந்து வர மனசு இல்ல, எங்கிட்ட காசும் இல்ல, அதான் உக்காந்துனே இருந்தன்” என்று அவர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன், செல்லி அத்தைகூடச் சிரித்தாள். நீ முதலில் சிவக்குமாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, காசு கொடுத்துவிட்டு, காரில் ஏற்றிய பிறகுதான் மெதுவாகச் சொன்னாயாம், “ஐயா, உங்க சம்சாரம் கரையில உக்காந்து அழுதுனு இருக்காங்க” என்று. அப்போதுதான் அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்றே புரிந்ததாம். திரும்பி வந்ததும் மகன் எல்லோர் எதிரிலும் அவரைத் திட்ட ஆரம்பித்திருக்கிறான். நீ நடுவில் போய், “திட்டறத வூட்ல வெச்சிக்குங்க சிவா, இப்ப அவங்க ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் வுடுங்க” என்றாயாம். பெரியவர் இதைச் சொல்லும்போது அப்பா சுண்ணாம்பு டப்பியை மூடிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், நான் பார்த்தேன்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அன்றிலிருந்து சிவக்குமார் அப்பாவை வாசலைத் தாண்ட விடவில்லையாம், வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகாத குறைதானாம். பெரியவர் சோறு சரியாகச் சாப்பிடாமல் ஊருக்கு டிக்கெட் போடு என்று படுத்துவிட்டார். அடுத்த மாதம் கடற்கரைப் பூங்காவுக்குப் போகிறோம் என்று நீ அவர்கள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருக்கிறாய். மகன் முடியவே முடியாது என்றானாம். ஏரியிலேயே அப்படி, கடலில் என்றால் என்ன ஆவது என்றானாம். நீ விடவில்லையாம். “ஒரு தடவ வழி தெரியாம போயிட்டாருன்னு மனுசன ரூமுக்குள்ள வெச்சா எப்படி சிவா, நான் பொறுப்பு” என்று சொல்லி, பெரியவரைப் பார்த்து, “ஐயா, காலைல எல்லாருக்கும் டீ போடற வேல உங்களுது. நீங்க எங்கனா போயிட்டா இருபது பேருக்கும் டீ இல்ல” என்றாயாம். அங்கே போய் அவர் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாராம், பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள்கூட வந்து வாங்கிக் குடித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, மண்டியில் நல்ல விலை போனால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

முனியம்மாள் அதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லையாம். மத்தியானம் காற்று பலமாக அடித்து ஒருவருடைய கூடாரம் பந்து மாதிரி உருண்டு ஓடியதாம், நீ எல்லாக் கூடாரத்துக்கும் நீள ஆணி அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, வந்து இவளை முழங்கால் தண்ணீர் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாயாம். அலையில் நின்றுகொண்டே இவள் உன்னைக் கேட்டிருக்கிறாள், “ஏங்கண்ணு, ஒனக்குன்னு யாரும் இல்லியா” என்று. நம் பெண்களுக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியாது, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ சொன்ன பதிலை அவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்படியே சொன்னாள். “ஊர்ல ரெண்டு பேரு இருக்காங்கம்மா. ஞாயித்துக்கெழம போன் பண்ணுனா எங்கம்மா பேசும். எங்கப்பா பேச மாட்டாரு, ஆனா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுனு இருப்பாரு. எனக்குத் தெரியும்.”

அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனார். மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்றார், மாடு காலையிலிருந்து கட்டித்தான் கிடக்கிறது. அவர் போனதும் செல்லி அத்தை மெதுவாக, “எல்லாம் சரிதாங்க, உதவி பண்ணுச்சு, நல்ல புள்ளதான். இருந்தாலும் பொட்டப்புள்ள தனியா இப்பிடிக் காடு கரைன்னு போறது” என்று இழுத்தாள். அப்பா எப்போது திரும்பி வந்து வாசற்படியில் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. “தனியாவா? அக்கா, எம் பொண்ணு தனியா போவல. ஆறு குடும்பம் அது பின்னாடி போயிருக்குது” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் வாயால் “எம் பொண்ணு” என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை, முனியம்மாள் கொண்டுவந்த புடவையைப் பிரித்து, நெசவு நன்றாக இருக்கிறது என்றாள். அவளும் கெட்டவள் இல்லை, சாயங்காலம் பஸ் ஏறும்போது உனக்கென்று கொஞ்சம் புளி கொடுத்துவிட்டுத்தான் போனாள், அதுவும் பார்சலில் இருக்கிறது.

நேற்றுக் காலையிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சொசைட்டிக்குப் போய்ப் பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம், கடல் ஓரத்தில் கூடாரம் அடிக்க வேண்டுமென்றால் சின்ன ஆணி நிற்காது, மணல் விட்டுவிடும் என்று இவரே பத்துக் கூடாரம் அடித்தவர் மாதிரி விளக்கிக்கொண்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் என்னை நிறுத்தி, உங்கள் பெண் அமெரிக்காவில் முதலை இருக்கிற ஏரியில் ஆளைக் காப்பாற்றிவிட்டதாமே என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருக்காதா.

ஆனால் முதலை இருக்கிற ஏரி என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை, அதற்கு உன்னை நான் இன்னும் திட்டவில்லை, நேரில் வரும்போது இருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரம் போடாதே. வெறும் தரையில் படுக்காதே, ஈரம் இடுப்பில் இறங்கிவிடும், கீழே கனமாக ஏதாவது விரித்துக்கொள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் வறண்ட சோற்றைத் தின்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை விட்டுவிடு. சிவக்குமாரிடம் கோபம் வைத்துக்கொள்ளாதே, அப்பாவைக் காணோம் என்றால் யாருக்கும் புத்தி நிற்காது. அடுத்த முறை போகும்போது போட்டோ மட்டும் அனுப்பாமல் என்ன நடந்தது என்பதையும் சொல். நல்லதை மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்காதே, கேட்டுத் தாங்கிக்கொள்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் திடமாகத்தான் இருக்கிறோம்.

நீ போகிற இடமெல்லாம் உனக்குத் துணையாக இருக்கட்டும், உன்னோடு வருகிறவர்கள் ஒரு குறையும் இல்லாமல் வீடு திரும்பட்டும் என்று நம் குலதெய்வத்துக்கு விளக்கு ஏற்றியிருக்கிறேன். நூறு வருஷம் நன்றாக இரு சாமி.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அப்பாதான் எடுப்பார். எடு என்று நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். எடுத்துவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே மழை உண்டா என்றுதான் கேட்பார். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே கண்ணு. விவரமாகச் சொல்.

இப்படிக்கு உன் அன்பு அம்மா,
ரா. பானுமதி