கஞ்சி கொடுத்ததாக எழுதிய மெயில்

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வாசலில் கால் வைத்தால் கரிசல் மண் செருப்போடு கிளம்பி வீட்டுக்குள் வருகிறது. அம்மா இரண்டு தடவை கழுவிவிட்டாள். நான் டைப் அடிக்கிற டிடிபி சென்டருக்கு இன்று லீவு.

வேலை: முன்பின் தெரியாத பத்து கம்பெனிகளுக்கு மெயில். விளம்பர வாசகம் எழுதிப் பழக இதுதான் வழி என்று ஆன்லைன் வகுப்பில் சொன்னார்கள். இன்று பதினோராவது நாள். வந்த பதில், பூஜ்யம்.

ஜெபாவிடம் போனில் புலம்பல். கூடப் படிப்பவள், தூத்துக்குடி. அவளுக்கு மூன்று பதில் வந்தாயிற்று. என் மெயில் எல்லாம் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறதாம். நேரில் பழகியவள் போல முதல் வரியை எழுத வேண்டுமாம். பழகவில்லையே என்றேன். "யாரு வந்து விசாரிக்கப் போறா? சும்மா எழுதுட்டி."

எழுதினேன். மூன்று பேக்கரி, ஜவுளிக்கடைகள், ஒரு நர்சரி. கடைசியாகக் கழுகுமலையில் ஒரு சிறுதானிய மாவுக் கம்பெனி. அடுக்களையில் கிடந்த பழைய பாக்கெட்டில் உரிமையாளர் பெயரும் மெயில் முகவரியும் இருந்தன. சண்முகராஜ். இருப்பதிலேயே அதுதான் நன்றாக வந்தது:

"வணக்கம் சார். போன மாதம் தூத்துக்குடி கண்காட்சியில் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்களே ஒரு டம்ளர் குதிரைவாலிக் கஞ்சியைக் கையில் கொடுத்து, 'சூடு, பாத்துக் குடிங்க' என்றீர்கள். அந்த ருசியை நாலு பேருக்குச் சொல்ல எனக்கு வாய்ப்புத் தாருங்கள்."

கண்காட்சி நடந்ததை ஜெபா சொல்லித்தான் தெரியும். நான் போகவில்லை. மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

மதியம் புளிக்குழம்பு. தூக்கம்.

நவ. 6, வியாழன்

பதில்தான் வராதே என்று இரண்டு நாளாக மெயிலைத் திறக்கவில்லை. இன்று பதினொரு மணிக்குத் திறந்தேன். கழுகுமலையிலிருந்து மூன்று.

முதலாவது, செவ்வாய் சாயங்காலம்: "நான் அவர் மனைவி மகேஸ்வரி. அவர் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போனை வைத்துவிட்டுப் போனார். அதில்தான் உங்கள் மெயில் பார்த்தேன். மெலிந்திருந்தாரா? யார் கூட இருந்தார்? விடிந்ததும் நானும் என் தம்பியும் தூத்துக்குடி போகிறோம். தயவுசெய்து பேசுங்கள்." கீழே நம்பர்.

இரண்டாவது, நேற்று மதியம்: "மைதானம் காலியாக இருக்கிறது. அவர் கடை எந்தப் பக்கம் இருந்தது?"

மூன்றாவது, இன்று காலை: "இங்கனயேதான் இருக்கோம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என்னவென்று கேட்டாள், மெயிலைக் காட்டினேன்.

ஜெபாவைக் கூப்பிட்டேன். அந்த முகவரியை பிளாக் பண்ணிவிடு, விட்டுவிடு என்றாள். அவர்கள் மழையில் மைதானத்தில் நிற்கிறார்கள். எப்படி விட?

நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் உங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கவே இல்லை அக்கா, மெயில் நன்றாக இருக்கட்டும் என்று எழுதியது என்றேன். பின்னால் பஸ் ஹாரன். "அப்போ கஞ்சி?" என்றார்.

அதுவும் இல்லை அக்கா.

தம்பி போனை வாங்கித் திட்டினார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுக்கக் கேட்டேன்.

சாப்பிடவில்லை.

நவ. 7, வெள்ளி

கழுகுமலை. அடித்தாலும் அடிப்பார்கள், போகாதே என்றாள் அம்மா. போனேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமா இது.

மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு. மில் பூட்டிக் கிடக்கிறது. தம்பி கேட்டைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மகேஸ்வரி அக்காவே வந்தார். நாற்பது வயதிருக்கும். பயணத்துக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. ஓரத்தில் காய்ந்த சேறு.

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"சூடு, பாத்துக் குடிங்கன்னு எழுதியிருந்தியே. அவிய அப்படித்தான் சொல்லுவாவ. அதனாலதான் நம்புனேன்."

யாரும் சொல்லக்கூடிய வார்த்தை என்று நினைத்துத்தான் போட்டேன்.

கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். பருத்திக் காடெல்லாம் தண்ணீர். எங்கள் ஊர் கோவில்பட்டி வந்தது கூடத் தெரியவில்லை, கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார்.

நவ. 10, திங்கள்

டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை. மணமகன் பெயரில் எழுத்துப்பிழை, திட்டு.

மூன்று மணிக்கு மகேஸ்வரி அக்கா போன். எடுக்கவே பயம். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"இல்லாததையே நம்புத மாதிரி எழுதுன. இருக்கதை எழுது."

ஆதரவற்றோர் இல்லங்கள், ஆஸ்பத்திரிகள், எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டுமாம். போலீசில் புகார் கொடுத்த அன்றே எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம், ஆனால் யாரும் வாசித்த மாதிரி தெரியவில்லையாம். சொல்லச் சொல்ல, கெட்டுப்போன பத்திரிகைத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:

- வயது 46, மாநிறம்
- இடது கட்டைவிரலில் நகம் கிடையாது (மில் பெல்ட்டில் போனது)
- பேர் கேட்டால் 'கழுகுமலை' என்று ஊர்ப் பேரைத்தான் சொல்வார்
- மோர் இல்லாமல் சாப்பாடு இறங்காது
- கடைசி மூன்று மாதம் யாரோடும் பேச்சில்லை. அதை அக்கா சாதாரணமாக எடுத்துக்கொண்டாராம்

கடைசியையும் எழுதவா என்று கேட்டேன். எழுது என்றார். குரல் உடைந்தது அப்போதுதான்.

நாலு தடவை அடித்து எழுதினேன். இதுவரை எழுதியதிலேயே சின்ன மெயில். முப்பத்தெட்டு இடங்களுக்குப் போயிருக்கிறது.

நவ. 15, சனி

மழை விட்டு நல்ல வெயில்.

மதுரைப் பக்கம் ஓர் இல்லத்திலிருந்து பதில். இடது கட்டைவிரலில் நகம் இல்லாத ஒருவர் இருக்கிறார், பேர் சொல்லத் தெரியவில்லை, படம் இணைத்திருக்கிறோம். நான் சண்முகராஜைப் பார்த்ததே இல்லையே. படத்தை அனுப்பிவிட மனமில்லை. அடுத்த பஸ்ஸில் கழுகுமலை.

இந்தத் தடவை தம்பியே கேட்டைத் திறந்தார்.

அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். நெற்றி, காது, கை. தம்பி வாசலிலேயே நின்றார்.

"அவிய இல்ல."

போனுக்காகக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இவரையும் ஒரு வீட்ல தேடிக்கிட்டுத்தான் இருப்பாவ. இவருக்கும் ஒண்ணு எழுது."

பேனாவைத் திறந்தேன். அக்கா படத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வலது புருவத்தில் தழும்பு. ஒரு காதில் கடுக்கன் போட்ட ஓட்டை.