யார் பங்கிலும் சேராத கீசர்

மார்கழி, செவ்வாய்க்கிழமை இரவு

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான குளியலறைக் கீசர் ஓட்டையாகி, இன்று புதிது மாட்டினோம். மெக்கானிக் பழையதைத் திறந்தார். உள்ளே உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது.

"வருசம் ஒருக்கா உப்பு எடுக்க மாட்டீகளா, ஆச்சி?"

நானும் கொழுந்தன் பெண்டாட்டி வள்ளியம்மையும் விழித்தோம். வீட்டைப் பாகம் பிரித்தபோது கீசரை யார் பங்கிலும் எழுதவில்லை. அவள் பார்ப்பாளென்று நான் விட்டேன், நான் பார்ப்பேனென்று அவள் விட்டிருக்கிறாள். கேட்டுக்கொள்ளப் பேச்சுவார்த்தை இருந்தால்தானே! பாகம் பிரித்த அன்று என் வெள்ளி விளக்கை அவள் எடுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

"உனக்கு இம்புட்டு வீம்பா?" என்றேன்.

"உங்களுக்கு மட்டும் குறைச்சலாக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

"காலையில நீங்க முதல்ல குளிங்க ஆச்சி. முழங்கால் வலியோட இருக்கீக."

இனி வருசா வருசம் உப்பு எடுக்க மெக்கானிக்கை நானே கூப்பிடுகிறேன் என்றேன். அவளும் கூப்பிடுவாளாம். அவர் இரண்டு தரம் வந்தாலும் வரட்டும்.