கிடங்கு வேலிச் சிலந்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா?

கிடங்கு வேலியில் ஒரு சிலந்தி, வலை கிழிந்தும் பின்னாத சோம்பேறி என்று போட்டோ எடுத்து அனுப்பினேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தினமும் அதோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். நேற்று, என்னோடு வேலை செய்பவர்களை அழைத்துப்போய், அதன் இனம், குணம் எல்லாம் அளந்துவிட்டேன். கிரேன் ஓட்டுகிறவர் குனிந்து லேசாக ஊதினார். எட்டுக் காலோடு அப்படியே பறந்தது.

“தம்பி, இது உரிச்சுப் போட்ட தோலு. ஆளு எப்பவோ கெளம்பியாச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

என் பழைய பூதக்கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அக்கா பிள்ளைகள் கேட்டால், சிலந்தி சௌக்கியம் என்றே சொல்லுங்கள்.

வண்டி வந்துவிட்டது. நானும் சௌக்கியம்.

உங்கள் மகன்