விரல் காத்த துண்டுத்தோல்

அனுப்புநர்:
த. பிரிஸில்லா,
தோல் பைப் பட்டறைத் தொழிலாளி,
தொழிற்பேட்டை, பேட்டை,
திருநெல்வேலி.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்,
திருநெல்வேலி.

பொருள்: குப்பைக் கிடங்கிலுள்ள ஒன்பது மூட்டை துண்டுத்தோலை எரிக்க அனுப்பாமல் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பைகளுக்குத் தோல் வெட்டி வருகிறேன். அளவுத் தகடுகளை வரிசையாக வைப்பதை விட்டு, ஒன்றின் வளைவுக்குள் மற்றொன்றை நெருக்கி வைத்து வெட்டத் தொடங்கியதில், வாரம் ஐந்து மூட்டையாக விழுந்த துண்டுகள் மூன்றாகக் குறைந்தன. அந்த மூன்றையும் என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

2. என்னுடன் தைக்கும் நித்யாவின் தாயார் சுடலைவடிவு, அம்பாசமுத்திரத்தில் மாட்டுக்குப் புல்லறுக்கையில் அரிவாள் பட்டு, இடது ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட நேர்ந்தது. நித்யா அன்றே துண்டுத்தோலில், உள்ளே பருத்தித் துணி வைத்து, ஒரு விரலுறை தைத்துக் கொடுத்தார். காயம் ஆறி அவர் மீண்டும் வயலுக்குப் போன பிறகு, கடந்த ஒன்றாம் தேதி நண்பகலில் பட்டறைக்குத் தொலைபேசி வந்தது. "ஏட்டி, அருவா வழுக்கிட்டு! தோலுதான் கிழிஞ்சிருக்கு, வெரல்ல ஒரு கீறல் இல்ல!" என்று அவர் கூவியது எங்கள் ஆறு பேருக்கும் கேட்டது. எந்திரங்களை நிறுத்திவிட்டுக் கைதட்டினோம் ஐயா. மனுவில் இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

3. அந்த வாரமே அவ்வூரில் புல்லறுக்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேர், தங்களுக்கும் விரலுறை வேண்டுமென்று, விரலளவை நூலில் முடிச்சிட்டு அனுப்பிவிட்டார்கள். பட்டறை முதலாளியும் துண்டுகளை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார்.

4. உள்ளே இடமில்லாததால், மூன்று வாரமாகச் சேர்ந்திருந்த ஒன்பது மூட்டைகளையும் சாலையோரம் அடுக்கினோம். பிழை எங்களுடையதே. கடந்த திங்களன்று துப்புரவு வண்டி அவற்றைக் குப்பையென ஏற்றிச் சென்றது. கிடங்குக்கு ஓடினோம். வெள்ளிக்கிழமை எரிக்க அனுப்பும் லாரியில் அவை போய்விடும் என்றார்கள். மேற்பார்வையாளர் திரு. ஐயம்பெருமாள் எங்கள் விரலுறையை மாட்டி, விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "நானா தர முடியாதும்மா. ஆணையாளர் ஐயா ஒரு கையெழுத்து போட்டா, நானே ஏத்திவிடுதேன்" என்றவர், மழையில் நனையாதபடி மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடியும் வைத்தார். அன்னாரின் இந்த உதவியைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

5. ஆகவே, அந்த ஒன்பது மூட்டைகளையும் லாரி வருமுன் எங்களிடம் ஒப்படைக்கவும், இனி விழும் துண்டுகளைக் குப்பையில் சேர்க்காமல் எங்களிடமே விடவும் ஆணையிட வேண்டுகிறேன். பட்டறைக்குள் பரண் அடித்துவிட்டோம். இனி ஒரு மூட்டையும் சாலைக்கு வராது.

நாளை காலை ஏழு மணி முதல் நாங்கள் ஆறு பேரும் தள்ளுவண்டியுடன் கிடங்கு வாசலில் ஐயாவின் உத்தரவுக்காக நிற்போம்.

இடம்: பேட்டை
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. பிரிஸில்லா